முதுகில் தட்டினால் தெரியாது

பிரான்ஸின் ஓவர்ன் மலைப்பகுதியில் உள்ள தியேர், கத்திக்கென்றே பேர்போன ஊர். ஊரை ஒட்டிப் பாயும் துரோல் ஆறுதான் ஒரு காலத்தில் சாணைக்கற்களைச் சுழற்றியது. சாணைக்காரர்கள் பலகையில் குப்புறப் படுத்து அலகைத் தீட்டினார்கள். குளிர் தாங்காமல் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வதும் உண்டாம். இப்போது எல்லாம் மோட்டார்தான்.

நான் போயிருந்த பட்டறையில், கத்தி பொருத்தும் மூத்த தொழிலாளியிடம் வாடிக்கையாளர் ஒருவர் தன் மடக்குக் கத்தியைக் காட்டிக்கொண்டிருந்தார். அலகை விரித்து, முதுகை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினார். பூட்டு விடவில்லை. முகத்தில் பெருமிதம்.

பெரியவர் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். "கத்தியை யாராவது இப்படியா பயன்படுத்துகிறார்கள்?"

அவர் கேட்டது நியாயம்தான். ஓங்கித் தட்டினால் நல்ல பூட்டும் பழுதாகலாம். தேய்ந்த பூட்டும் தட்டுக்குத் தப்பிவிடலாம். விரல் அறுபடுவது வேறு விதமாக. முனை மரத்தில் சிக்கிக்கொள்ளும், கை முறுக்கும், பூட்டு நழுவும். ஆகவே அவர் விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி, முதுகை மரக்கட்டையில் மெல்ல மெல்ல அழுத்தினார். பிறகு பிடியை இரு பக்கமும் லேசாக முறுக்கினார். 'டிக்' என்று பூட்டு விட்டுவிட்டது!

அது தகட்டுப் பூட்டு. 1980களில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் மேம்படுத்திய வகை. பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு பகுதி வில்போல வளைந்து, விரிந்த அலகின் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும். தகட்டின் முனை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், முழுதாக உட்கார வேண்டும். விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு நின்றாலும், எதிர்ப்பக்கத் தகடுவரை போய்விட்டாலும் நம்பக் கூடாது. சட்டைப்பைப் பஞ்சு அடைந்தாலே போதும், முனை சரியாக உட்காராது.

சவோய் மலைநாட்டின் ஒபினெல் கத்தியில் இந்தச் சிக்கல் குறைவு. 1890இல் ஜோசப் ஒபினெல் தொடங்கிய கத்தி அது. மார்செல் ஒபினெல் 1955இல் அதற்குப் பூட்டு வளையம் அமைத்தார். வளையத்தைத் திருகினால் அலகு மடங்க வழியில்லை. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுழன்றால் வளையம் தளர்ந்துவிட்டது என்று கைக்கே தெரிந்துவிடும். மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகு வெளியே வர மறுத்தால், சவோய்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். தட்டுவதற்கு ஏற்ற இடம் அதுதான்.

மரபான லாகியோல் கத்தியிலோ பூட்டே கிடையாது. முதுகு வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து வைக்கிறது. பூட்டு இல்லை என்று தெரிவதால் கை தானாகவே எச்சரிக்கையாக இருக்கும். அரைகுறைப் பூட்டை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். பிரிட்டனில் சட்டம் இன்னொரு வேடிக்கை. வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம். விரலைக் காக்கும் பூட்டு வந்துவிட்டால், தகுந்த காரணம் வேண்டும்.

பெரியவர் கத்தியைக் கழற்றிப் பஞ்சைத் தள்ளினார், அச்சாணியை முடுக்கினார், மீண்டும் முறுக்கினார். மறுபடியும் நழுவியது. "முனை தேய்ந்துவிட்டது. தகட்டையே மாற்ற வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். வந்தவர் தயங்கினார். வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று பேரம் தொடங்கியது.