காட்டோடை காட்டிய கணக்கு

விருத்தாசலத்துக்குப் பழமலை, திருமுதுகுன்றம் என்று பழைய பெயர்கள் உண்டு. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளிதான். ஊரை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு பிறப்பது மேற்கே, கல்வராயன் மலையில். சித்திரையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போது, 'மேலேயும் இப்படித்தான் காய்ந்திருக்குமோ?' என்று கேட்காதவர் இல்லை. விருத்தாசலம் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவர், அதை நேரில் பார்க்க ஒரு நாள் மலை ஏறினார். பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மகளும் கூட வந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டினால் வெள்ளிமலைச் சாலை. காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு கூடியது. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்த பிறகே இவர்களுக்கு அனுமதி கிடைத்தது. வழிகாட்டியாக மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்தார்.

காலை ஆறரைக்கு ஓடைக்குள் இறங்கினார்கள். இருபுறமும் பாறைச் சுவர். நடுவே உருண்டைக் கற்கள். முதல் அரை மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே சரிவு தீயில் கருகி, மரமில்லாமல் மொட்டையாக நின்றது. ஒரு வளைவு திரும்பியதும் காற்றே மாறியது. நாவல், நீர்மருது, மூங்கில். கல்லுக்கு அடியில் சலசலப்பு.

"அய்யா, மேல மழையா?"

"பெரிய மழை இன்னும் இல்லீங்க. இது ஐப்பசி, கார்த்திகையில பேஞ்ச தண்ணி. இப்பத்தான் வெளிய வருது."

விவசாயி சருகுக்குள் கையை விட்டார். மேலே மொறுமொறுப்பு, நாலு விரல் ஆழத்தில் ஈரம். சருகு மழையின் வேகத்தைத் தடுக்கிறது. வேர் மண்ணைத் துளைத்து வழி விடுகிறது. அதற்கும் கீழே உளுத்த பாறை தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மகள் கரையில் இருந்த வெளுத்த கல்லை விரலால் நசுக்கினார், மாவாக உதிர்ந்தது. பாறை பல காலம் தண்ணீர் பட்டு உளுத்துத்தான் பீங்கான் களிமண்ணும் உண்டாகிறது என்பது அவருக்குத் தெரியும்.

"ஏம்ப்பா, நம்ம தோப்புல சருகைக் கூட்டிக் கொளுத்துறோமே?"

"தரை சுத்தமா இருந்தாத்தானே கொட்டை பொறுக்க முடியும்?"

"பொறுக்கறதுக்குக் கூட்டுனாப் போதும். கொளுத்தணுமா?"

அப்பா பதில் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு உச்சிப் பக்கம் கருத்தது. அருவிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பெரியவர் நின்றுவிட்டார்.

"மேல ஏறுங்க. ஓடையில நிக்க வேணாம்."

"இங்க வெயில் அடிக்குதே அய்யா?"

"நம்ம தலை மேல பேயணும்னு இல்ல கண்ணு. உச்சியில பேஞ்சாலே போதும்."

கரை மேட்டில் ஏறி அமர்ந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் இரைச்சல் கேட்டது. காலையில் நடந்து வந்த கற்கள் தண்ணீருக்குள் மறைந்தன. மொட்டைச் சரிவிலிருந்து இறங்கிய வாய்க்கால் செம்மண் குழம்பாகப் பாய்ந்தது. எதிரே மரச்சரிவிலிருந்து வந்ததோ மெலிந்த, தெளிந்த தண்ணீர். ஒரே மழைதான். ஒரு சரிவு மண்ணையும் சேர்த்துக் கொடுத்தது; மறு சரிவு தண்ணீரைக் கூடச் சேமித்துக் கொண்டது. அருவியைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

மானாவாரி முந்திரித் தோப்பும் ஒரு சரிவுதான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடும் எந்த நிலமும் அப்படித்தான். கொட்டை பொறுக்கக் கூட்டும் சருகைக் கொளுத்தாமல், சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டி அதில் தள்ளி மேலே கொஞ்சம் மண் போட்டால், கோடை மழை அங்கே நின்று இறங்கும். சருகும் மக்கி எருவாகும். அந்த விவசாயி இந்த ஆண்டு முதலில் நாலு வரிசையில் குழி எடுத்திருக்கிறார். மற்ற வரிசைகளையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார், மழைக்குப் பிறகு இரண்டிலும் மண்ணைத் தோண்டி ஈரத்தை ஒப்பிட்டுப் பார்க்க.