ஏர்பேட்டுக்கு ஒரு சனிக்கிழமைப் பிரயாணம்

பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து குடியேறியவர்கள் நம்மில் அநேகர். நாங்களும் நெல்லைச் சீமையிலிருந்து வந்து அம்பத்தூரில் வாடகை வீட்டில் வசிப்பவர்களே. 2023ஆம் ஆண்டில் எங்கள் மூத்த மகள் வீட்டை விட்டுப் படிக்கச் சென்றாள். அவள் சென்ற இடம் ஆந்திர மாநிலத்திலுள்ள ஏர்பேடு.

முன்பு சித்தூர் மாவட்டத்திலிருந்து, 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது இச்சிற்றூர். கேரளத்திலிருந்து வந்த துறவி மலையாள சுவாமிகள் இங்கே அமைத்த வியாசாசிரமத்தினால் முன்பு அறியப்பட்டிருந்தது. 2015இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வட்டாரத்தில் வளாகங்கள் அமைத்த பின்பு, பல மாநிலத்துப் பிள்ளைகளும் இவ்வூர்ப் பெயரை அறிந்திருக்கிறார்கள்.

மகளைக் கொண்டுபோய் விட வாடகைக் கார் அமர்த்தினோம். அன்று செலவான தொகை எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கும் மேல். மூன்றாம் வாரம் இரவில் அவள் தொலைபேசியில் அழுதாள். "அப்பா, இங்கே பாடமும் புரியவில்லை, பேச ஆளும் இல்லை. நான் திரும்பி வந்துவிடுகிறேன்" என்றாள். அவளுடைய தாய் அன்றிரவு உறங்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் தேறுவாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மாதந்தோறும் காருக்குக் கொடுக்கப் பணம் எங்கே?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சொன்ன பதில் எனக்கு வழிகாட்டியது. "பெரியப்பா, இங்கே விரைவு ரயிலில் ஏறினால் எங்கள் சம்பளம் போய்விடும். மெதுவாய்ப் போகிற வண்டிகளுக்கு மட்டும் ஒரு மாதச் சீட்டு இருக்கிறது. அதை வைத்துத்தான் நாடு முழுவதும் சுற்றுகிறேன்" என்றான். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அந்நாட்டில் அறிமுகமான அந்தச் சீட்டு, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உயர்ந்திருக்கிறது. அதிவேக வண்டிகளில் அது செல்லாது. பணத்தை மிச்சப்படுத்த விரும்புகிறவன் நேரத்தைக் கொடுக்க வேண்டும். இந்த நியதி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதா? ரயில் கால அட்டவணையை எடுத்து உட்கார்ந்தேன்.

அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் அரக்கோணம் வரை செல்லலாம். 1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை இது. அரக்கோணத்தில் திருப்பதி செல்லும் சாதாரண வண்டிக்கு மாற வேண்டும். திருத்தணி தாண்டினால் ஆந்திரம். திருத்தணியும் 1960இல்தான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஆகவே எல்லைக்கு இருபுறமும் இரு மொழியும் சரளமாகக் கேட்கும். எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில், கையில் கட்டுடன் ஏறுகிறவர்களைக் காணலாம். அடுத்துப் பெரிய சந்திப்பாகிய ரேணிகுண்டா. அங்கிருந்து கூடூர் செல்லும் கிளைப் பாதையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஏர்பேடு.

முதல் பிரயாணத்தில் இரண்டு தவறுகள் செய்தேன். அரக்கோணத்தில் அவசரப்பட்டு, சாதாரண வண்டிக்குரிய சீட்டுடன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். பரிசோதகர் கட்டண வித்தியாசத்துடன் 250 ரூபாய் அபராதமும் வாங்கினார். குற்றம் என்னுடையதே, மிச்சப்படுத்த நினைத்த பணம் அங்கேயே போயிற்று. இரண்டாவது, எல்லா வண்டியும் ஏர்பேட்டில் நிற்கும் என்று எண்ணியது. விரைவு வண்டிகள் பலவும் அவ்வூரில் நில்லாமல் ஓடிவிடும். ரேணிகுண்டாவில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து, மகளைப் பார்த்தபோது மாலையாகிவிட்டது. முக்கால் மணி நேரமே அவளோடு இருந்தோம். தாய் கொண்டுபோன முறுக்கையும் கருப்பட்டியையும் வாங்கிக்கொண்டு, "அடுத்த மாதமும் வருவீர்களா?" என்று மட்டும் கேட்டாள். வருகிறோம் என்றோம்.

அந்த வாக்கைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவற்றை, பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைக்கும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

சாதாரண வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம் பெருந்தொற்றுக் காலத்தில் 30 ரூபாயாக இருந்து, 2024 பிப்ரவரியில் மறுபடியும் 10 ரூபாயானது. எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியிலும் சென்னையிலிருந்து ரேணிகுண்டாவுக்கு நூறு ரூபாய்க்குள் சென்றுவிடலாம். ஆனால் எந்த வண்டிக்கு எந்தச் சீட்டு என்று ஏறுமுன் கேட்டறியுங்கள். 200 கிலோமீட்டருக்குக் குறைவான முன்பதிவில்லாச் சீட்டைக் காலையிலேயே வாங்கி மாலைக்கு வைத்திருக்கக் கூடாது. வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் பிரயாணத்தைத் தொடங்குவதே பத்திரம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இப்பெட்டிகளில் அரைக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை மறவாதிருங்கள். கிளைப் பாதையில் வண்டி கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். திருப்பதியிலிருந்து காளஹஸ்தி செல்லும் பேருந்துகள் ஏர்பேடு வழியே ஓடுகின்றன.

ஒருமுறை எங்கள் இளைய மகனையும் அழைத்துச் சென்றோம். திரும்புகையில் வந்த வழியே வராமல், ஏர்பேட்டிலிருந்து கிழக்கே சென்றோம். விழுப்புரத்திலிருந்து காட்பாடி, பாகாலா வழியாகக் கூடூர் வரை 1891இல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்ட பாதை இது. எழுதுகோலால் துணியில் சித்திரம் தீட்டும் கலம்காரிக்குப் பெயர்பெற்ற காளஹஸ்தியும், கைத்தறிச் சேலைக்குப் பெயர்பெற்ற வெங்கடகிரியும் கடந்து கூடூரில் இறங்கினோம். அங்கிருந்து தெற்கே நாயுடுபேட்டை, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு வாசலாகிய சூலூர்ப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தோம். சென்னையிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வட்டம். விமானத்தில் ஏறாத என் மகன், "அண்ணன் ஜெர்மனியைச் சுற்றுவது போல நாமும் சுற்றிவிட்டோம்" என்றான்.

இப்போது எங்கள் ஒழுங்கு இதுதான்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முதல் மின்சார ரயில், இரவுக்குள் வீடு; ஞாயிறு ஆராதனையும் தவறுவதில்லை. மூவரும் மரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோறு உண்போம். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. முதலாண்டில் இரண்டு பாடங்களில் தவறினாள். மறுபடி எழுதித் தேறினாள். திரும்பி வந்துவிடுகிறேன் என்ற பேச்சு மெல்ல மெல்ல நின்றது.

சென்ற மாதம் அவள் சொன்னாள்: "அன்றைக்கு நீங்கள் காரில் வந்திருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். ரயிலில் நின்றுகொண்டே வந்தீர்கள் என்று அம்மாவின் கால் வீக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் கேட்கவில்லை."

எங்களுக்கு அது தெரியாது. தாய் ஒன்றும் சொல்லாமல் பாத்திரங்களைப் பையில் எடுத்து வைத்தாள். வண்டிக்கு நேரமாகியிருந்தது.