சிப்பா: பராகுவே மண்ணின் புளியாத அப்பம்

தென் அமெரிக்கக் கண்டத்தில் கடற்கரையே காணாத நாடுகள் இரண்டு உண்டு. ஒன்று பொலிவியா, மற்றொன்று பராகுவே. இவற்றுள் பராகுவேயைப் பற்றி நம்மவர் அறிந்தது மிகக் குறைவு. செய்தித்தாள்களில் அதன் பெயர் அரிதாகவே தென்படும். ஆயினும் அந்நாட்டுக்கும் நம் குடும்பங்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. அவர்களுடைய முக்கிய உணவான மரவள்ளிக்கிழங்கு நம் சேலத்து வயல்களிலும் விளைகிறது. குமரி மாவட்டத்துத் தோட்டங்களிலும் 'மரச்சீனி' என்னும் பெயரோடு வளர்கிறது. அக்கிழங்கின் பிறப்பிடமே தென் அமெரிக்காதான். நாம் அதனை அவித்தும் பொரித்தும் உண்கிறோம். ஜவ்வரிசியாக்கிப் பாயசம் காய்ச்சுகிறோம். பராகுவே மக்களோ அதன் மாவோடு பாலாடைக்கட்டியைப் பிசைந்து, ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், ஒரு மணி நேரத்துக்குள் ரொட்டி சுட்டு விடுகிறார்கள். அதன் பெயர் சிப்பா. அந்த ரொட்டியின் வழியே அந்த நாட்டைப் பார்க்க வாசக அன்பர்களை அழைக்கிறேன்.

தலைநகர் அசுன்சியோனிலிருந்து தொடங்குவோம். 1537ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஸ்பானியர் பராகுவே ஆற்றங்கரையில் ஒரு கோட்டையை எழுப்பினர். திருநாளின் பெயரே நகரின் பெயராயிற்று. 'அசுன்சியோன்' என்றால் விண்ணேற்பு. அங்கே வாழ்ந்த குவரானி மக்கள் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் பயிரிட்டு, அவற்றின் மாவால் அடை போன்ற பண்டங்களைச் சுட்டு உண்டு வந்தனர். பசுவும் கோழியும் அவர்கள் அறியாதவை. ஆகவே பாலும் முட்டையும் அன்று அந்த அடையில் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரேசில் கடற்கரையிலிருந்து காட்டு வழியே ஏழு பசுக்களும் ஒரு காளையும் அசுன்சியோனுக்கு ஓட்டி வரப்பட்டன என்று அந்நாட்டு வரலாறு கூறும். மந்தைகள் பெருகின. பாலாடைக்கட்டியும் முட்டையும் பன்றிக் கொழுப்பும், சோம்பை ஒத்த மணமுடைய அனீஸ் விதையும் குவரானி அடையோடு சேர்ந்தன. சிப்பா பிறந்தது. வந்தவரின் பொருளும் இருந்தவரின் பொருளும் அதில் ஒன்றாயின. பெயர் மட்டும் இன்றுவரை குவரானிப் பெயராகவே நிலைத்திருக்கிறது.

பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. தென் அமெரிக்காவில் பழங்குடியினரின் மொழியை, அந்த இரத்தம் கலவாத மக்களும் வீட்டு மொழியாகப் பேசும் நாடு பராகுவே. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஸ்பானிய மொழியோடு குவரானியையும் ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது. அம்மொழி எழுத்தில் நிலைபெறப் பெரிதும் உழைத்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். அவர்களுள் அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா அடிகளார் தொகுத்த குவரானி அகராதி 1639இல் மத்ரித் நகரில் அச்சேறியது. சதுரகராதி தந்த வீரமாமுனிவரின் பெயரை அறிந்த நமக்கு இப்பணியின் அருமை எளிதில் விளங்கும்.

இயேசு சபையினர் 1609இல் சான் இக்னாசியோ குவாசு என்னுமிடத்தில் குவரானி மக்களுக்காக முதல் குடியிருப்பை நிறுவினர். பின்னர் இத்தகைய ஊர்கள் முப்பதாகப் பெருகின. அடிமை வணிகருக்கு எட்டாத வண்ணம் மக்கள் அங்கே கூடி வாழ்ந்தனர். பொது நிலத்தில் உழுதனர். பெரும் மந்தைகளை வளர்த்தனர். இசையும் சிற்பமும் பயின்றனர். 1767இல் ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்ற ஆணையிட்டார். அதன்பின் அவ்வூர்கள் படிப்படியாகச் சிதைந்தன. திரினிதாத், ஹெசூஸ் என்னும் இரண்டு ஊர்களின் செங்கல் நிறக் கோயிற்சுவர்கள் இன்றும் வானம் பார்த்து நிற்கின்றன. 1993இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. கோயில்கள் இடிந்தன, ஆனால் அடுப்பங்கரையில் கற்ற கைப்பழக்கத்தை எந்த மன்னனாலும் நாடு கடத்த முடியவில்லை.

இனி அடுப்பைப் பார்ப்போம். அதனை அவர்கள் 'தாத்தாக்குவா' என்பர். நம் காதுக்கு வேடிக்கையாக ஒலிக்கும் இச்சொல்லில் 'தாத்தா' என்றால் தீ. 'குவா' என்றால் பொந்து. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு, கவிழ்த்த பானை போல் வீட்டு முற்றத்தில் கட்டப்படுவது அது. உள்ளே விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். கரி படிந்து கறுத்த உட்சுவர் வெப்பமேறி வெளுக்கும்போது அடுப்பு ஆயத்தம் என்று கொள்வார்கள். தணலை வெளியே இழுத்துத் தள்ளி, பச்சைத் தழைகளால் தரையைப் பெருக்கி, வாழையிலை மீது வைத்த சிப்பாக்களை உள்ளே தள்ளி வாயை அடைத்துவிடுவார்கள். எரியும் தீயில் அன்று, சுவரில் தேங்கிய வெப்பத்திலேயே ரொட்டி வெந்துவிடும். வாழையிலையின் மணமும் புகையின் மணமும் அதில் ஏறியிருக்கும்.

ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எப்படி உப்பும் என்று நம் தாய்மார்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். கோதுமை மாவில் பசை போன்ற ஒரு புரதம் உண்டு. ஈஸ்ட் வெளியிடும் காற்றை அது குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி எழும்புகிறது. மரவள்ளி மாவில் அந்தப் பசை அறவே கிடையாது. அதில் ஈஸ்டைச் சேர்த்துக் காத்திருந்தாலும் பெரும் பயன் விளையாது. அதற்குப் பதிலாக, கடுஞ்சூட்டில் பாலிலும் முட்டையிலும் பாலாடைக்கட்டியிலும் உள்ள நீர் ஆவியாகிறது. அதே வேளையில் மாவு வெந்து, கண்ணாடி போல் வழவழப்பாகி, இழுபடும் தன்மை பெற்று அந்த ஆவியைச் சிறைப்படுத்துகிறது. முட்டை இறுகி அந்த வடிவத்தை நிலைநிறுத்துகிறது. மேலே மொறுமொறுப்பும் உள்ளே மெல்ல இழுபடும் மென்மையும் சிப்பாவுக்கு வாய்ப்பது இதனால்தான். நம் கேரளச் சகோதரரான தோமையார் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனன்று சுடும் பெசகா அப்பம், இஸ்ரயேலரின் பாஸ்காவை நினைந்து புளியாமல் விடப்பட்டது. சிப்பா புளியாமல் இருப்பதற்குக் காரணம் அதன் கிழங்கே.

மாவு எடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. கிழங்கைத் தோலுரித்துத் துருவி, நீர்விட்டுப் பிசைந்து, துணியில் வடிகட்டுவார்கள். பால் போன்ற நீர் தெளிந்ததும் அடியில் வெண்மையாகப் படியும் மாவை எடுத்து வெயிலில் உலர்த்துவார்கள். கூவைக்கிழங்கு மாவு எடுத்த பாட்டிமார் நம்மிடையிலும் இருந்தார்கள் அல்லவா? அதே வேலைதான்.

செய்முறை இதோ. அரைக் கிலோ மரவள்ளி மாவு, கால் கிலோ உப்புச் சேர்ந்த பாலாடைக்கட்டி, 100 கிராம் வெண்ணெய், 3 முட்டை, ஏறத்தாழ 150 மில்லி பால், ஒரு தேக்கரண்டி சோம்பு, சுவைக்கேற்ற உப்பு ஆகியவை போதும். பராகுவேயில் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும், சிறிது மக்காச்சோள மாவு கலப்பதும் உண்டு. முதலில் வெண்ணெயைக் கையால் நன்கு குழைத்து முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். உதிர்த்த பாலாடைக்கட்டி, சோம்பு, உப்பு ஆகியவற்றைக் கலந்து, பின் மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டி, பாலைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். முறுக்கு மாவு போல் கையில் ஒட்டாத பதம் வந்ததும் விரல் பருமனுக்குச் சற்று மேலாக உருட்டி வளையங்களாக்கி, நன்கு சூடேறிய அடுப்பில், ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில், 20 அல்லது 25 நிமிடம் சுட்டால் பொன்னிறமாகிவிடும். கடையில் வாங்கும் ஜவ்வரிசியைப் பொடித்துப் போட்டால் இப்பதம் வராது. அது ஏற்கெனவே சூடு கண்டது. பச்சை மாவே வேண்டும். சுட்ட கையோடு உண்பது நலம். ஆறினால் இறுகிவிடும், அப்பொழுது தேநீரில் தோய்த்து உண்ணலாம். பராகுவேயர் 'கொசிதோ' என்னும் தங்கள் மூலிகைப் பானத்தோடு அவ்வாறே உண்கின்றனர்.

அசுன்சியோனிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து ஏறுவோம். சிலந்தி வலை போன்ற நுண்ணிய பின்னல்களுக்குப் பெயர்பெற்ற இத்தாகுவா ஊரைக் கடந்து, 54 கிலோமீட்டர் சென்றால் காகுப்பே. அமலோற்பவ அன்னையின் திருத்தலம் அங்கே உள்ளது. டிசம்பர் 8ஆம் நாளுக்கு முந்திய இரவு முழுவதும் இலட்சக்கணக்கான மக்கள் கால்நடையாக அங்கே வந்து சேர்வார்கள். நம் வேளாங்கண்ணிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் எயுசேபியோ அயாலா என்னும் சிற்றூர். பேருந்து நின்றதும் கூடைகளோடு பெண்கள் ஏறுகிறார்கள். வெள்ளைத் துணியால் மூடிய கூடையில் சூடான சிப்பா. இவர்களைச் 'சிப்பேரா' என்று அழைக்கின்றனர். தெற்கே கொரொனேல் பொகாதோ என்னும் ஊரும் இத்தொழிலுக்குப் பேர்போனது. நாட்டுக்கே உரிய பண்டமாதலால் ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமையைச் சிப்பா நாளாகவும் கொண்டாடுகின்றனர்.

இந்த எயுசேபியோ அயாலாவைச் சாப்பாட்டு ஊராக மட்டும் நினைத்துக் கடந்துவிடலாகாது. அருகிலிருக்கும் சமவெளியின் பெயர் அகோஸ்தா ஞூ. 1864 முதல் 1870 வரை பராகுவே நாடு பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகளோடு பொருதது. ஆண்கள் பெரும்பாலோர் மடிந்த பின்னும் போரை நிறுத்த மறுத்தார் அதிபர் பிரான்சிஸ்கோ சோலானோ லோபெஸ். 1869 ஆகஸ்டு 16ஆம் நாள் இச்சமவெளியில் பிரேசில் படையை எதிர்த்து நின்றவர்களுள் பெரும் பகுதியினர் சிறுவர்கள். பெரியவர்களாகத் தோன்றும்பொருட்டு அவர்களுக்குப் பொய்த்தாடி ஒட்டப்பட்டது என்று இன்றும் சொல்லப்படுகிறது. அந்தி சாயுமுன் களத்தில் அப்பிள்ளைகளின் உடல்கள் கிடந்தன. அதே ஆகஸ்டு 16ஆம் நாளைத்தான் பராகுவே நாடு இன்று குழந்தைகள் தினமாகக் கடைப்பிடிக்கிறது.

போர் முடிந்தபோது நாட்டில் எஞ்சியிருந்தோருள் பெரும்பாலோர் பெண்கள். கணவனையும் மகனையும் இழந்தவர்கள் கலப்பையைப் பிடித்தார்கள், மரவள்ளி நட்டார்கள், மாட்டைக் கறந்தார்கள், கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்கும் இரயிலடிக்கும் நடந்தார்கள். மிஞ்சிய பிள்ளைகளுக்குக் குவரானி மொழியையும் செபத்தையும் கற்றுக் கொடுத்தவர்களும் அவர்களே. 2015 ஜூலையில் காகுப்பேயில் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், தம் மறையுரையில் இப்பெண்களையே சிறப்பித்துப் போற்றினார். அரசனும் தளபதியும் அழித்த நாட்டை அடுப்படியிலிருந்து மீட்டவர்கள் அவர்கள். பேருந்தில் ஏறும் சிப்பேராவின் கூடையில் அந்தச் சரித்திரமும் இருக்கிறது.

பரிசுத்த வாரத்தில் சிப்பா இல்லாத வீடு அந்நாட்டில் அரிது. புதன்கிழமையன்று குடும்பம் முழுவதும் கூடிச் சுடுவார்கள். பாட்டி மாவின் பதம் பார்ப்பார். ஆண்கள் விறகு பிளப்பார்கள். சிறுவர்கள் புறாவும் முதலையுமாக மாவில் உருவங்கள் செய்வார்கள். வியாழன் நண்பகல் உறவினர் கூடிப் பெருவிருந்து. பெரிய வெள்ளியன்று அடுப்பு மூட்டுவதில்லை. புதனன்று சுட்ட சிப்பாவே அன்றைய உணவு. பன்றிக் கொழுப்புச் சேர்ந்த ரொட்டியைச் சுத்தபோசன நாளில் உண்ணலாமா என்று சிலர் ஐயுறலாம். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த விதிப்படி, விலக்கப்படுவது இறைச்சியே. முட்டையும் பால்பொருளும், சமையலுக்குச் சேர்க்கும் விலங்குக் கொழுப்பும் விலக்கப்படுவதில்லை. சான் இக்னாசியோவுக்கு அருகிலுள்ள தாஞாரந்தி கிராமத்தில், அன்றிரவு புளிப்பு ஆரஞ்சுத் தோல்களில் ஏற்றிய ஆயிரக்கணக்கான விளக்குகளினிடையே வியாகுல அன்னையின் பவனி நடைபெறும்.

மே மாதம் 3ஆம் நாள் திருச்சிலுவை நாள். அன்று வீட்டு முற்றங்களில் தழைப் பந்தலிட்டு, நடுவே சிலுவையை நிறுத்துகிறார்கள். அப்பந்தலில் பூச்சரங்களோடு சிப்பாச் சரங்களும் தொங்கும். இறந்தோருக்காகச் செபமாலை சொல்லி முடிந்ததும், அந்தச் சிப்பாக்களை அறுத்து வந்தவர்க்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பார்கள். முதலில் கை நீட்டுவோர் ஊர்ப் பிள்ளைகள். பிள்ளைகளைப் போர்க்களத்தில் இழந்த நாட்டில், இறந்தோரின் பெயரால் சுட்ட அப்பம் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் கையில் வந்து சேர்கிறது. நம் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவியும் நாளில் அந்த முற்றங்களையும் நினைவுகூர்வோம்; நம் பிள்ளைகளிடமும் சொல்வோம்.