பரணில் இருந்த சாட்சி

ஜனவரி முதல் தேதியன்று டைரி எழுதத் தொடங்காதவர் யார்? நாமும் பல வருஷங்கள் தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் ஒரு பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதுவோம். "இன்று முதல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது" என்று ஒரு பிரதிக்ஞையும் இருக்கும். மூன்றாம் நாள் அதைப் பற்றிப் பேச்சில்லை. பத்தாம் நாள், "விசேஷம் ஒன்றுமில்லை." பொங்கலுக்குப் பிறகு அந்தப் புஸ்தகம் சமையலறைக்குப் போய்ப் பால் கணக்குக்கு உபயோகப்படும். சித்திரை பிறப்பதற்குள் குழந்தைகள் மிச்சப் பக்கங்களில் யானை வரைந்துவிடுவார்கள்.

ஆயினும் 1978-ஆம் வருஷம் மட்டும் நாம் விடாமல் எழுதினோம். வைராக்கியத்தினால் அன்று, அது நமது தங்கையின் கல்யாண வருஷம். வரவு செலவு எழுதியே தீர வேண்டியிருந்தது. கணக்கோடு அன்றன்று நடந்த சமாசாரத்தையும் நாலு வரி எழுதி வைத்தோம். வருஷம் முடிந்ததும் டைரி பரணுக்குப் போயிற்று.

கல்யாணத்திற்குப் பின் நமக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம் உண்டாயிற்று. "பாரம் முழுவதையும் நாமே சுமந்தோம், அவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதோடு சரி" என்பது நமது கட்சி. இதை உறவினர் வீடுகளிலெல்லாம் சொன்னோம். சொல்லச் சொல்ல அது நமக்கே சத்தியமாகிவிட்டது. அவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். நமது வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டான்.

1990-ஆம் வருஷம் போகியன்று பரணை ஒழித்தபோது அந்த டைரி அகப்பட்டது. நெருப்பில் போடுமுன் ஒரு முறை புரட்டினோம். நமது சொந்தக் கையெழுத்தில் இப்படி இருந்தது: "இரவு தம்பி வந்தான். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ரூ. 2,000 கொடுத்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான்."

அவன் சொன்னபடியே நாம் யாரிடமும் சொல்லவில்லை. நமக்கு நாமே கூடச் சொல்லிக் கொள்ளவில்லை! அந்தச் சங்கிலி மீண்டதா என்று நாம் ஒரு நாளாவது விசாரித்ததாக டைரியில் எங்கும் காணோம்.

ஞாபகசக்தி என்பது நாம் அமர்த்திய வக்கீல் போன்றது. நமக்கு அநுகூலமானதைத்தான் எடுத்துச் சொல்லும். அன்றிரவே எழுதி வைத்த வரியோ யார் பக்கமும் சாயாமல் சாட்சி சொல்லுகிறது. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய தினசரியைச் சரித்திரக்காரர்கள் இன்றும் போற்றுவது இதனால்தான். வந்த கப்பலையும், கவர்னருடன் நடந்த பேச்சையும், ஊர் வம்பையும் அவர் அப்போதைக்கப்போதே எழுதினார். காந்தியடிகளும் தமது ஆசிரமவாசிகளை டைரி எழுதும்படி வற்புறுத்தி வந்தார். 1921-22இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோது ராஜாஜியும் நாட்குறிப்பு எழுதினார். தேசத்தைத் திருத்தப் புறப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே பரிசோதித்துக் கொள்வது அவசியமென்று கருதினார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது அநாவசியமாகிவிடுமா?

போகியன்று இரவு தம்பிக்குக் கடிதம் எழுதினோம். டைரியில் இருந்த மூன்று வரிகளை அப்படியே நகல் செய்து, கீழே, "மன்னித்துக்கொள்" என்று எழுதினோம். பதில் வரவில்லை. வருஷப் பிறப்பன்று காலையில் மனைவி மக்களுடன் அவனே வந்து நின்றான். அவன் மனைவியின் கழுத்தைப் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை.

அன்று முதல் தினந்தோறும் படுக்கப் போகுமுன் நாலு வரி எழுதி வருகிறோம். பிரதிக்ஞைகள் கிடையா. அன்றைக்கு யார் நமக்கு என்ன உதவி செய்தார்கள் என்பதை முதலில் எழுதுகிறோம். அதைத்தானே நாம் முதலில் மறந்துவிடுகிறோம்! நேயர்களும் இன்றிரவே தொடங்கலாம். ஜனவரி வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் யானை வரைவதற்கு வேறொரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும்.