பழக்கிய கல்

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் ஒரு மூதாட்டி வசிக்கிறார். திருமணமாகி வந்தபோது திருநெல்வேலியிலிருந்து ரயிலில் அவர் கொண்டுவந்த பொருள்களுள் இன்று எஞ்சியிருப்பது ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல் மட்டுமே. சென்ற ஆடியில் ஊருக்குப் போனவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். அப்போது அந்தக் கல் பழைய இரும்புச் சாக்கினுள் கிடந்தது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து ஈரத்தோடு சாய்த்து வைத்திருந்தார்கள். மும்பை மழைக்காலத்தின் ஈரக்காற்று மிச்ச வேலையை முடித்திருந்தது. கல் முழுக்கச் செந்துரு.

அடுத்த மாதம் குடும்பம் செம்பூருக்குக் குடிபெயர இருந்தது. “அங்க போய் இத எங்கம்மா வைக்க? தேரா காம்பவுண்டுல எடைக்குப் போட்டுரலாம்” என்றார் மகன்.

“கல்லு மறந்துபோச்சுடே, அவ்வளவுதான். திரும்பப் பழக்கிட்டாப் போச்சு” என்றார் மூதாட்டி.

பழகுதல் தன்வினை, பழக்குதல் பிறவினை. மாட்டை ஏருக்குப் பழக்குவார்கள். குழந்தையின் கையை எழுத்துக்குப் பழக்குவார்கள். சமையலறையில் அவ்வினை பெரிதும் இரும்புக்கும் மண்சட்டிக்குமே உரியது. எவர்சில்வரை எவரும் பழக்குவதில்லை. பழகும் இயல்பு பொருளிடமும் இருந்தால்தான் அந்த வினைக்கு இடமுண்டு.

அந்த இயல்புக்கு வேதியியல் விளக்கம் உண்டு. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சூடேறும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான கரும்படலமாக இரும்பின்மேல் படிகின்றன. பலபடியாதல் என்பது அதன் பாடநூற்பெயர். ஒரே நாளில் தடிமனாகப் பூசினால் பிசுபிசுக்கும். மெலிதாகப் பல நாள் பூசினால்தான் நிலைக்கும். சோப்புத்தூளிட்டு அழுத்தித் தேய்த்தால் படலம் தேய்ந்துவிடும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளும் வழக்கத்திலும் பொருளுண்டு: எண்ணெயின்றி நெடுநேரம் காயும் கல்லில் பழைய படலம் கருகி உதிர்கிறது.

மூதாட்டி முதலில் தேங்காய்நாரும் புளியும் கொண்டு துருவைத் தேய்த்தெடுத்தார். பிறகு கல்லை வடிகஞ்சியில் ஊறப்போட்டார். இரவு கடந்து புளிக்கும் கஞ்சியின் மென்மையான அமிலம் எஞ்சிய துருவை மெல்லக் கரைக்கும். கழுவியவுடன் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டினார். துரு நீங்கிய இரும்பு அரைமணி நேர ஈரத்தைக்கூடத் தாங்காது. சூடு தணியுமுன் நல்லெண்ணெய் தடவித் துணியால் முக்கால்வாசியைத் துடைத்தெடுத்தார். இவ்வாறு ஒரு வாரம்.

ஜப்பானின் மோரியோக்கா நகரில் இதன் உறவுமுறை ஒன்று உண்டு. நம்பு வார்ப்பிரும்புக் கெண்டிகளுக்குப் புகழ்பெற்ற ஊர் அது. அக்கெண்டியின் உட்புறத்தைத் தேய்க்கவே கூடாது. வெந்நீரை ஊற்றி முடித்ததும், அடுப்பின் மிச்சச் சூட்டில் மூடியைத் திறந்து உலரவிட வேண்டும். உள்ளே துருப்பிடித்து நீர் செந்நிறமானால் தேயிலையைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். தேயிலையின் துவர்ப்பொருளான டானின் இரும்போடு சேர்ந்து கருமையான காப்புப் படலமாகிவிடும்.

அந்தக் கருமை தாராவிக்கும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலித் தமிழர்கள் இங்கு வந்து சேர்ந்தது தோல் பதனிடும் தொழிலுக்காக. பட்டைச்சாற்றில் பதனிட்ட ஈரத்தோலில் இரும்பு பட்டால் அழியாத கறுப்புக் கறை விழும். அங்கே இழப்பாக இருந்த வினைதான் கெண்டியில் காப்பாகிறது.

மாட்டுங்காவின் பழைய தென்னிந்திய உணவகங்களில் அகன்ற கற்கள் விடியற்காலையிலேயே காயத் தொடங்குகின்றன. அவற்றில் துரு ஏற நேரமில்லை. நாள்தோறும் புழங்குவதைவிடச் சிறந்த பராமரிப்பு இரும்புக்கு இல்லை. மாட்டுங்கா வீடுகள் சிலவற்றில் தோசையை வார்ப்பார்கள். தாராவியின் நெல்லைக்காரர்கள் சுடுவார்கள். வார்த்தல் என்றால் ஊற்றுதல். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுவதும் வார்ப்புதான். வார்த்த இரும்பின்மேல் மாவை வார்க்கிறோம். ஒரே வினை இரண்டு நெருப்புகளைக் கடந்து வருகிறது.

மூதாட்டியின் பேரக்குழந்தைகள் தோசைக்கல்லைத் ‘தவா’ என்கிறார்கள். பெயர் மாறுவதில் குறையில்லை. மும்பைத் தமிழ் பல மொழிகளோடு புழங்கி வளர்ந்தது. ஆனால் ஒட்டாத பூச்சுத் தவாவைக் கழுவி வைத்தால் போதும். பூச்சு உரிந்தால் மாற்றினால் போதும். அங்கே பழக்குதல் என்ற வினைக்கு வேலையில்லை. ஒரு சொல் வீட்டைவிட்டு வெளியேற இவ்வளவே போதுமானது.

செம்பூர் வீட்டில் இண்டக்சன் அடுப்பு. அடியில் எஃகுத் தகடில்லாத பழைய அலுமினியத் தவா அதில் சூடேறவேயில்லை. காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும் என்று மருமகள் சொன்னதும், மூதாட்டி கட்டிலடியிலிருந்து கல்லை எடுத்து வந்தார். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இருந்த காந்தப் பொம்மை அதில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

“மெதுவாச் சூடேத்து, ஏளா. வெடுக்குனு சூடாக்குனா வெடிச்சிரும்.”

முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது ஓரம் கிழிந்தாலும் எழுந்து வந்தது. “கழுவட்டுமா, அத்தை?” என்று கேட்டார் மருமகள். மூதாட்டி வேண்டாமென்று தலையசைத்து, எண்ணெய்த் துணியை அவர் கையில் கொடுத்தார்.