அரியாங்குப்பத்து மணலும் புதுவைக் கடற்கரையும்

மாலை நேரத்தில் புதுவைக் கடற்கரைச் சாலையில் உலாவாத மாணவர் நம்மிடையே அரியர். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சற்று உள்ளே பாரதி பூங்கா, அதன் நடுவே வெண்ணிற ஆயி மண்டபம் ஆகியவற்றை அறியாதாரும் இலர். ஆனால், அக்கடற்கரையின் கதை எங்கள் அரியாங்குப்பத்தில்தான் தொடங்குகிறது என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் வணிகம் செழித்த துறை அது. பின்னாளில் பிரெஞ்சுக்காரர் ஆற்றுக்கு வடக்கே கடலோரத்தில் கோட்டை எழுப்பினர். 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் அதனை இடித்துத் தள்ளினர். கோட்டை நின்ற பகுதியில்தான் இன்று பாரதி பூங்கா நிழல் தருகிறது.

கோட்டை போன கதையை வரலாறு எழுதி வைத்தது. மணல் போன கதையை என் பாட்டிதான் எனக்குச் சொன்னார். "மாசிமகத்துக்கு வண்டி கட்டிக்கிட்டு வைத்திக்குப்பம் போவோம். மணல்ல உக்காந்துதான் கட்டுச்சோறு தின்னுவோம். கால் நனைக்கணும்னா ரொம்ப தூரம் நடக்கணும்" என்பார். நான் கண்டதோ கருங்கற் குவியல்.

காரணம் எளிது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980களின் பிற்பகுதியில் எங்கள் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் தேங்கியது. வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. நகரைக் காக்கக் கற்களைக் கொட்டினர். அரிப்பு மேலும் வடக்கே மீனவர் குப்பங்களுக்குச் சென்றது. 2018-19இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்தை அடுத்த கடலில் எஃகாலான செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டது. ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

துறைமுகம் வேண்டாம் என்பதன்று என் வாதம். படகை நம்பி உலை வைக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் பணி இடைவிடாது நடைபெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பூங்காவிற்கு நாள்தோறும் நீர் ஊற்றுகிறோம். கடற்கரையும் நாள்தோறும் மணல் கேட்கிறது.