கோபன்ஹேகனில் ஒரு கோடை நாள்

அயல் தேசத்துப் பட்டணம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் அரண்மனைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எட்டு வயதுப் பெண்ணும் ஐந்து வயதுப் பையனும் எங்கே நிற்கிறார்களோ, அங்கேதான் நாமும் நிற்க வேண்டும். டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனை நானும் என் மனைவியும் அப்படித்தான் பார்த்தோம். ஜூன் மாதத்து முதல் வாரம்; எங்கள் பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தன. அதனால் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் ஏற்படவில்லை என்பதை நேயர்கள் போகப் போகக் காண்பார்கள்.

காலையில் முதலாவதாக வட்டக் கோபுரத்துக்குப் போனோம். நான்காம் கிறிஸ்டியன் என்னும் அரசர் 1637-ல் தொடங்கி 1642-ல் முடித்த கோபுரம் அது. வானசாஸ்திரிகள் நட்சத்திரங்களை ஆராய்வதற்காக எழுப்பியது. உயரம் சுமார் 35 மீட்டர். ஆனால் மேலே ஏறுவதற்கு, உச்சியருகே உள்ள சில படிகளைத் தவிர, படிக்கட்டே கிடையாது! செங்கல் பாவிய சாய்வான பாதை ஒன்று கோபுரத்துக்குள்ளேயே ஏழரைச் சுற்றுச் சுற்றிக்கொண்டு, 209 மீட்டர் தூரம் மேலே போகிறது. கனமான கருவிகளையும் புத்தகங்களையும் ஏற்றிச் செல்ல இந்த ஏற்பாடு. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1716-ல் குதிரை மீது அமர்ந்தே மேலே போனார் என்று சொல்கிறார்கள். என் பையனும் அவ்விதமே போனான், குதிரை நான்தான்.

உச்சியில் நின்று பட்டணத்தின் செந்நிற ஓட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இந்தக் கோபுரத்தைக் கட்டின ராஜாதான் நம் தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பினவர்" என்று பெண்ணிடம் சொன்னேன். எங்கள் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி ஒரு மணி நேரப் பஸ் பிரயாணம். அங்கே கடற்கரையில் நிற்கும் டான்ஸ்பர்க் கோட்டையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அவளும் போய்ப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான், துறைமுகத்தை உடனே பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

போகும் வழியெங்கும் சைக்கிள்கள். முன்புறம் பெரிய மரப்பெட்டி வைத்த மூன்று சக்கரச் சைக்கிளில் இரண்டு மூன்று குழந்தைகளை உட்காரவைத்துத் தாய்மார் மிதித்துச் செல்கிறார்கள். சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருப்பதால் அவர்கள் முகத்தில் கவலையின் நிழலே இல்லை. காப்பிக் கடைகளின் வாசலில் தள்ளுவண்டிக்குள் கைக்குழந்தைகள் தூங்குகின்றன. பெற்றவர்கள் உள்ளே காப்பி அருந்துகிறார்கள். "நம் ஊர்ப் பாட்டிமார் பார்த்தால் என்ன சொல்வார்கள்!" என்றாள் என் மனைவி.

துறைமுகத்தின் கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையைப் பிரித்தோம். 1618-ல் இந்தப் பட்டணத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 1620-ல் நம் கரையை அடைந்தன. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அவர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் ஸ்ரீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர் ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டார்கள். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பெண் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்பா, விற்கிறபோது அங்கே இருந்த ஜனங்களைக் கேட்டார்களா?"

"கேட்கவில்லை, அம்மா."

சரித்திர பாடத்தில் நான் எத்தனையோ வருஷங்களாகச் சொல்லி வருகிற கிரய விஷயம் அது. அந்தக் கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை.

டேனிஷ்காரரும் அடிபட்டவர்கள்தாம். 1807-ல் நெப்போலியனோடு நடந்த யுத்தத்தில் டென்மார்க் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தது. அதன் கப்பற்படை நெப்போலியன் கையில் சிக்கிவிடலாம் என்று சந்தேகித்த ஆங்கிலேயர், செப்டம்பர் மாதத்தில் மூன்று இரவுகள் பட்டணத்தின் மீது குண்டு பொழிந்து, படை முழுவதையும் கொண்டு போய்விட்டார்கள். இந்த மாதிரி நியாயம் நமக்குப் புதிதல்லவே! 1814-ல் நார்வே போயிற்று. 1864-ல் தெற்கே பெரிய மாகாணங்கள் போயின. தேசம் சுருங்கச் சுருங்க, எஞ்சியதைச் செம்மை செய்வதில் ஜனங்கள் முனைந்தார்கள்.

அதற்குச் சாட்சி எங்கள் எதிரிலேயே இருந்தது. சாக்கடை கலந்து கெட்டுக் கிடந்த துறைமுக நீரை நகரசபையார் பல வருஷங்கள் பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள். மழைக்காலத்தில் கழிவு நீர் பெருகித் துறைமுகத்தில் விழாதபடி நிலத்தடியில் தொட்டிகள் கட்டினார்கள். 2002-ல் இஸ்லாண்ட்ஸ் பிரிக்கே என்னுமிடத்தில் துறைமுகத்திலேயே நீராடும் துறையைத் திறந்தார்கள். ஐந்து குளங்கள், அவற்றில் இரண்டு குழந்தைகளுக்கென்றே அமைந்தவை. கட்டணம் கிடையாது. என் குழந்தைகள் இருவரும் குதித்தார்கள். குதித்த வேகத்திலேயே வெளியே வந்தார்கள். கோடையென்று பெயரே தவிர, தண்ணீர் நம் மார்கழிக் காவேரியைத் தோற்கடித்துவிடும். அருகே டேனிஷ் குழந்தைகள் மீன்களைப் போல விளையாடிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் ஆறுகளை நான் நினைத்துக்கொண்டேன் என்று சொல்லவும் வேண்டுமா?

மாலையில் டிவோலித் தோட்டம். 1843-ல் கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த நிலத்தில் தொடங்கியது. அதற்குள் இருக்கும் அழகிய ஏரி, பட்டணத்தைக் காத்த அகழியின் மிச்சம். பகைவரைத் தடுக்க வெட்டிய நீரில் இப்போது குழந்தைகள் படகு விடுகிறார்கள். 1944-ல் ஜெர்மானியர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த நாளில், அவர்களுடைய கையாட்கள் வெடி வைத்துத் தோட்டத்தின் பல கட்டடங்களைக் கொளுத்தினார்கள். சில வாரங்களுக்குள் ஜனங்கள் அதை மறுபடியும் திறந்துவிட்டார்கள். சிவப்புச் சட்டை அணிந்த சிறுவர் சிறுமியர் வாத்தியம் முழங்க அணிவகுத்து வந்தபோது, என் பையன் யாரையும் கேளாமல் பின்னாலேயே நடக்கத் தொடங்கினான்.

தம் மூதாதையர் கப்பலேறிப் போய் என்ன செய்தார்கள் என்பதையும் அந்தக் குழந்தைகள் ஒரு நாள் படிப்பார்கள், படிக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டணம் தங்களுடையது என்பதை அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோபுரத்தில் ஓடியும், துறைமுகத்தில் குதித்தும் இப்போதே அறிந்திருக்கிறார்கள். தரங்கம்பாடியில் பிறந்த குழந்தைகளை அன்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நம் ஊர், நம் ஆறு, நம் கடற்கரை எல்லாம் நம் கையில் இருக்கின்றன. அவற்றை நம் குழந்தைகளுக்கு எந்த நிலையில் கொடுக்கப் போகிறோம் என்பதற்கு ஆங்கிலக் கம்பெனியார் பதில் சொல்ல முடியாது.

இரவு ஒன்பதரை மணிக்கு ஜாகைக்குத் திரும்பலாம் என்றேன். வானத்தில் சூரியன் இன்னும் இருந்தான். "ராத்திரியே ஆகவில்லையே!" என்று பையன் வழக்காடினான். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மறுபடியும் ஒரு முறை ராட்டினம் ஏறினோம்.